மோர்ஸ் தெரியாமல் ஹாம் லைசன்ஸ் எடுக்கலாமா? மலையகத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஹாம் ரேடியோ, அதாவது லைசன்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக அலையில் தொடர்புகொள்ளும் வானொலி, சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பாடத்தில் தொடங்கினாலும் கடைசியில் பேச்சு மோர்ஸ் பரீட்சையில்தான் வந்து நிற்கும். வாராவாரம் அதே கேள்விகள். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் போட்டிருக்கிறேன். எளிதான கேள்விகள் முன்னால் இருக்கின்றன. சண்டைக்கு இழுக்கும் கேள்விகள் போகப் போக வரும்.

மோர்ஸ்னா பழைய தந்தி தானேண்ணே? இன்னும் யாரு அடிக்கிறா?

அதே தந்திதான். குளிரில் 'பல்லு தந்தியடிக்குது' என்று சொல்கிறோமே, அந்தத் தந்தி. குட்டை ஒலி, நெட்டை ஒலி இரண்டை மட்டும் வைத்து எழுத்தையும் இலக்கத்தையும் அனுப்புகிற முறை. குட்டையை 'டிட்' என்றும் நெட்டையை 'டா' என்றும் வாயால் சொல்லிப் பழகுவோம். ஒரு டா மூன்று டிட் நீளம். எழுத்துக்கு நடுவே மூன்று டிட் அளவு மௌனம், சொல்லுக்கு நடுவே ஏழு. அந்த மௌனத்தைச் சரியாக விடத் தெரியாதவன் அடிப்பதைக் கேட்டால், மூச்சு விடாமல் பேசுகிறவனிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் தந்திக் கம்பி இழுத்தது 1858இல். தபாற்கந்தோரில் தந்தி கொடுத்த காலம் முடிந்துவிட்டது. 1999 பெப்ரவரி 1ஆம் திகதியோடு கப்பல்களும் செய்மதியையும் தானியங்கிக் கருவிகளையும் நம்பும் புதிய ஆபத்து அறிவிப்பு முறைக்கு முழுதாக மாறிவிட்டன. மிச்சம் இருப்பது ஹாம்காரர்கள்தான். ராத்திரி 7 மெகாஹெர்ட்ஸில் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தவளைக் குளம் மாதிரி கத்திக்கொண்டிருக்கும்.

வாக்கி டாக்கி ஒண்ண வாங்கி பேசுனா போதாதா? லைசன்ஸ் எதுக்கு?

லைசன்ஸ் இல்லாமல் ஒலிபரப்பினால் குற்றம், அவ்வளவுதான். இங்கே பரீட்சை வைத்து லைசன்ஸ் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. டி.ஆர்.சி. என்றால்தான் ஆட்களுக்குப் புரியும். நோவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று மூன்று வகுப்பு. தேறினால் உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். இலங்கைக் குறிகள் 4எஸ் என்று தொடங்கும். சிலோன் காலத்தில் அது விஎஸ்7. உலகத்தில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் குறி கிடையாது. ஹாமை வைத்து வியாபாரம் பேசக்கூடாது. பரிசோதனை, பழக்கம், சிநேகம், அவசர உதவி, இவற்றுக்குத்தான் அது.

வாயால பேசத்தானே போறேன், எதுக்கு சேர் டிட் டா பரீட்சை?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் கடலில் இருக்கிறது. ரேடியோ வந்த புதிதில் கப்பல்காரர்களும் ஹாம்காரர்களும் ஏறக்குறைய ஒரே வானத்தைப் பங்குபோட்டார்கள், எல்லாரும் மோர்ஸில். நடுக்கடலில் ஒரு கப்பல் உயிர்ப்பிச்சை கேட்கும்போது, கரையில் ஒருவன் அது விளங்காமல் மேலேயே அடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? 'நிறுத்து' என்று கரையோர நிலையம் மோர்ஸில் சொன்னாலாவது அவனுக்குப் புரிய வேண்டுமே. அதனால் ஹாம்காரனும் மோர்ஸ் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்றார்கள். 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் ஹாம் சேவைக்கு உலக அளவில் ஓர் இடம் கிடைத்தது. மோர்ஸ் நிபந்தனையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. 1947இல் 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மோர்ஸ் கட்டாயமில்லை என்று விட்டார்கள். 1959இல் அந்தக் கோடு 144க்கு இறங்கியது, 1979இல் 30க்கு. ஆக, கடைசியாக மோர்ஸ் காவல் காத்தது 30க்குக் கீழே உள்ள சிற்றலைக்கு, அதாவது கடல் தாண்டிப் பேசும் அலைகளுக்கு. எல்லாருக்கும் ஆசையும் அதன் மேல்தான்.

2003ல மோர்ஸ எடுத்துட்டாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. 2003 ஜூன், ஜூலையில் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில் சர்வதேச விதியின் 25ஆம் பிரிவைத் திருத்தினார்கள். 'மோர்ஸ் பரீட்சை கட்டாயம்' என்பதை எடுத்துவிட்டு, 'வைப்பதா வேண்டாமா என்று அந்தந்த நாடே முடிவெடுக்கலாம்' என்று போட்டார்கள். மோர்ஸை யாரும் தடை செய்யவில்லை. கதவைப் பூட்டு என்று வெளியிலிருந்து சொன்ன ஆள் போய்விட்டான், சாவி வீட்டுக்காரன் கையில்.

சுவிட்சர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் அந்த வருடமே பரீட்சையைக் கைவிட்டன. அமெரிக்கா இழுத்தடித்தது. 1991இல் தொடக்க வகுப்புக்கு மோர்ஸ் வேண்டாம் என்றார்கள். அப்போதும் மேல் வகுப்புக்கு நிமிடத்துக்கு 20 சொல் வரை கேட்டார்கள். 2000இல் மோர்ஸ் கேட்ட எல்லா வகுப்புக்கும் 5 சொல் போதும் என்று இறக்கினார்கள். 2007 பெப்ரவரி 23இல்தான் அதையும் எடுத்தார்கள்.

அப்ப நம்ம நாட்டுல என்ன?

மேலே சொன்ன சாவி இங்கே டி.ஆர்.சி. கையில். எந்த வகுப்புக்கு என்னென்ன பாடம், மோர்ஸ் உண்டா, உண்டென்றால் எந்த வேகம் என்பதெல்லாம் பரீட்சை அறிவித்தலில் இருக்கும். அதை நான் இங்கே எழுதி வைக்க, நீங்கள் இரண்டு வருடம் கழித்து வாசித்துவிட்டுக் கொழும்புக்கு ரயிலேறிப் போய் விழிக்க வேண்டாம். விண்ணப்பம் அனுப்புகிற வாரத்தில் வந்த அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'என் மாமா அப்படித்தான் எடுத்தார்' என்பது அறிவித்தல் அல்ல.

பழைய ஆளுங்க ஏன் இதுக்கு இவ்வளவு கோவப்படுறாங்க?

ஒன்று, பட்ட பாடு. மாசக்கணக்கில் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு திரிந்து வாங்கின ஒரு தாளை, இன்னொருத்தன் அந்தப் பாடு படாமல் வாங்கினால் வயிறு எரியத்தான் செய்யும். அதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் சண்டையில் பாதி அதுதான். இரண்டாவது, வடிகட்டி வாதம்: மோர்ஸ் படிக்கப் பொறுமை உள்ளவன்தான் அலையில் ஒழுங்காக நடந்துகொள்வான், பரீட்சையை எடுத்தால் கண்டவனும் வந்து கத்துவான் என்பது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. வேகமாக மோர்ஸ் அடிக்கிற முரடர்களையும் கேட்டிருக்கிறேன், ஒரு எழுத்துகூடத் தெரியாத தங்கமான மனிதர்களையும் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது வாதத்தில்தான் சத்து இருக்கிறது. வேறு எதுவும் எட்டாத நேரத்தில் மோர்ஸ் எட்டும், அதனால் அவசரத்துக்கு அது வேண்டும் என்பது. அது மெய்தான், கீழே விளக்குகிறேன். ஆனால் 'ஒன்று பயனுள்ளது' என்பதிலிருந்து 'அது தெரியாதவனை உள்ளே விடாதே' என்பதற்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் நல்லதுதான். அதற்காகச் சாரதி லைசன்ஸுக்கு மண்வெட்டிப் பரீட்சை வைப்பதில்லை.

மோர்ஸை எடுத்தால் மோர்ஸே செத்துவிடும் என்று 2003இல் ஒப்பாரி வைத்தார்கள். முதல் கேள்வியில் சொன்ன தவளைக் குளத்தைப் போய்க் கேளுங்கள்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. நீங்க எந்தப் பக்கம்?

பரீட்சை வேண்டாம், மோர்ஸ் வேண்டும். இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்கித் தரும் பதில் இது.

நான் மோர்ஸ் பரீட்சை எழுதித் தேறியவன், அதுவும் இரண்டாம் தடவை. முதல் தடவை ராத்திரி ரயிலில் கொழும்புக்குப் போய், தூக்கமில்லாத கண்ணோடு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு எழுத்து வந்தது. எல் என்றால் டி-டா-டி-டிட். எஃப் என்றால் டி-டி-டா-டிட். இதில் எது வந்தது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அடுத்த ஏழெட்டு எழுத்து போய்விட்டது. விட்டதை நினைத்துப் பதறி இன்னொரு வரியும் போனது. தாளில் ஓட்டை விழுந்த வேட்டி மாதிரி இடைவெளி. திரும்பி வரும்போது நாவலப்பிட்டி தாண்டும் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. அன்றைக்கு எனக்கு மின்சாரப் பாடமும் விதிகளும் தண்ணீர் மாதிரித் தெரியும். காது ஒரு வினாடி தடுமாறினதற்காக என் ரேடியோ இன்னொரு வருடம் மூலையில் கிடந்தது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பரீட்சை இல்லாதிருந்தால் நான் மோர்ஸ் படித்திருக்க மாட்டேன். அவ்வளவு சோம்பேறி. இன்றைக்கு நான் அலையில் செய்வதில் முக்கால்வாசி மோர்ஸ்தான். இந்த ஓர் இடத்தில் பழைய ஆட்கள் என்னை மடக்குவார்கள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

மலையில எல்லார் கையிலயும் போன் இருக்கு. இதெல்லாம் எதுக்கு தம்பி?

ஒரு பிள்ளையின் அம்மா கேட்டது. மழைக்காலத்தில் பாருங்கள் அக்கா. மண் சரிந்தால் ரோட்டோடு கரண்ட் கம்பமும் சேர்ந்து போகும். டவருக்குக் கரண்ட் போனால் பெட்டரி தாங்கும் வரைக்கும்தான் சிக்னல். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்களோடு மண் இறங்கினதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமியில் போன் செத்துக் கிடந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் செய்தி கடத்தியது ஹாம்காரர்கள்தான். அங்கே அவர்கள் பெரும்பாலும் வாயால்தான் பேசினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மோர்ஸ்தான் காப்பாற்றியது என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

நம் மலைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கையில் பிடிக்கிற வாக்கி டாக்கியின் அலை நேர்கோட்டில் போகும். பள்ளத்தில் இருக்கிற டிவிஷனிலிருந்து அழுத்தினால் எதிரே உள்ள மலையில் முட்டி நிற்கும். சிற்றலையில் 7 அல்லது 3.5 மெகாஹெர்ட்ஸை எடுத்து, அன்டெனாக் கம்பியை உயரத் தூக்காமல் தாழ்வாகவே கட்டினால், அலை நேராக மேலே போய், வானத்தின் அயன மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி கீழே இறங்கும். சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மலை ஒரு தடையே இல்லை. இலங்கையின் நீளமே 430 கிலோமீட்டர் அளவுதான். 7 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய கம்பி மொத்தம் 20 மீட்டர். லயத்துக் கூரை மூலையிலிருந்து ஒரு சவுக்கு மரத்துக்கு இழுத்தால் முடிந்தது.

இங்கேதான் மோர்ஸ் காசு மிச்சம் பிடிக்கிறது. குரலுக்கு அலையில் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 போதும். இவ்வளவு குறுகினால் பின்னணி இரைச்சலும் அந்த அளவுக்குக் குறைந்துதான் உள்ளே வரும். குரல் இரைச்சலில் கரைந்துபோகிற இடத்திலும் டிட் டா காதில் விழும். மோர்ஸ் செட்டுக்கு மைக்கும் வேண்டாம், குரலைக் கடத்தும் சிக்கலான சுற்றும் வேண்டாம். கொஞ்ச உதிரிப்பாகம், ஒரு 12 வோல்ட் பெட்டரி, 5 வாட்டுக்கும் குறைந்த சக்தி. ஈயம் வைக்கத் தெரிந்த பிள்ளை தானே கட்டலாம். புது சிற்றலை செட்டின் விலையைக் கேட்டுவிட்டு வந்து இந்த வரியைத் திரும்ப வாசியுங்கள்.

மோர்ஸ விட எஃப்.டி.8 நல்லா போகுதாமே? அப்ப மோர்ஸ் எதுக்கு?

இந்தக் கேள்வி என்னை நன்றாகவே மடக்கியது. எஃப்.டி.8 என்பது 2017இல் வந்த கணினி முறை. அதைச் செய்த இருவரில் ஒருவர் 1993இல் பௌதிகவியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லர். காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் அது பிடித்துவிடும். மோர்ஸை விட ஆழம் போகும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 15 வினாடிக்கு ஒரு தடவை சில எழுத்துகள்தான் போகும். கணினியும் சரியான நேரம் காட்டும் கடிகாரமும் வேண்டும். 'ரோடு உடைஞ்சிருச்சு, லொறி வர ஏலாது, மருந்து நடந்து கொண்டு வாங்க' என்று சொல்ல அது தோதுப்படாது. எனக்கு மோர்ஸ் பிடித்திருப்பது அதுவே மிகச் சிறந்தது என்பதற்காக இல்லை. ஒரு பெட்டரியும் ஒரு காதும் இருந்தால் நடக்கிறது என்பதற்காக.

போன்ல ஆப் இருக்கு, அதுவே கேட்டு எழுதிருதே?

சுத்தமான ஒலி என்றால் எழுதும். இரண்டு பேர் மேலே ஏறி அடித்து, இடி இரைந்து, சத்தம் ஏறி இறங்கும்போது அது குப்பையாக எழுதும். பழகின காது அதற்குள்ளும் ஒருத்தரைப் பிரித்து எடுக்கும்.

சார்ட்ட பாத்து புள்ளி கோடெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். வேகமே வரல.

சார்ட்டைக் கிழித்துப் போடுங்கள். மெய்யாகவே சொல்கிறேன். கண்ணால் படித்தவன் ஒலியைக் கேட்டு, புள்ளி எண்ணி, மனசுக்குள் சார்ட்டைத் தேடி, அப்புறம் எழுத்துக்கு வருவான். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் ஒரு டிட் 0.1 வினாடி. எண்ண நேரம் ஏது? என் எல்லும் எஃபும் கதை இதேதான், நானும் சார்ட்டில் படித்தவன்.

தப்பு அடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டதும் சாவு வீடா, திருவிழாவா என்று தெரிந்துவிடுகிறதே. எத்தனை அடி என்று எண்ணியா கண்டுபிடித்தீர்கள்? சின்ன வயதிலிருந்து முழு அடியாகக் கேட்டுக் கேட்டு ஊறிவிட்டது. மோர்ஸும் அப்படித்தான். லுட்விக் கோக் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1930களில் சொன்ன வழி: தொடக்கத்திலேயே முழு வேகம், ஆனால் இரண்டே இரண்டு எழுத்து. அந்த இரண்டும் பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் மூன்றாவதைச் சேருங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டாம், எழுத்துக்கு நடுவே மௌனத்தைக் கூட்டுங்கள். நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். விட்ட எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கிற பழக்கத்தையும் முதல் வாரமே பழகுங்கள். எனக்கு அதைக் கற்க ஒரு வருடமும் ஒரு ரயில் டிக்கட்டும் செலவானது.

தமிழ்ல மோர்ஸ் அடிக்கலாமா?

பரீட்சையும் அலையில் நடக்கும் பேச்சும் ரோமன் எழுத்தில்தான். ஜப்பானியர் தங்கள் எழுத்துக்கே ஒரு மோர்ஸ் வைத்திருக்கிறார்கள், ரஷ்யர்களும் அப்படி. நாம் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் அடிக்கிறோம். வணக்கத்தை வாயால் சொல்லிப் பாருங்கள்: டி-டி-டி-டா, டி-டா, டா-டிட், டி-டா, டா-டி-டா, டா-டி-டா, டி-டா, டா-டா. கடைசி 'ம்' இரண்டு டா. கோயில் மணி இரண்டு தடவை அடித்து ஓய்கிற மாதிரி முடியும். தமிழ்நாட்டு ஹாம் ஒருவர் முதல் தடவை எனக்கு இதை அடித்தபோது, பதிலுக்கு அதையே அடிக்கப் போய் கை நடுங்கி மூன்று தடவை பிழை விட்டேன்.

என் தங்கச்சிக்கு காது சரியா கேக்காது. அவளுக்கு இந்தப் பரீட்சை வச்சா எப்படி?

கட்டாய மோர்ஸுக்கு எதிராக எனக்குத் தெரிந்ததிலேயே வலுவான வாதம் இதுதான். பெரிய ஆட்கள் வாதாடும்போது இது மேசைக்கு வரவே வராது. அமெரிக்காவில்கூட உடற்குறை உள்ளவர்களுக்கு வேகப் பரீட்சையில் விலக்குக் கொடுக்கத் தொடங்கியது 1990இல்தான்.

ஆனால் தங்கச்சியிடம் மோர்ஸை மறைக்க வேண்டாம். காது கேளாத ஹாம்காரர்கள் ஒலிபெருக்கியின் கூம்பில் விரலை வைத்து அதிர்வாகவே வாங்குகிறார்கள், விளக்கு மினுக்கிப் படிப்பவர்களும் உண்டு. வாயால் பேசும் ரேடியோவில் அவளுக்கு இடம் குறைவு. மோர்ஸில் அவளும் நானும் சமம். பரீட்சையாக வரும்போது அவளை வெளியே தள்ளுகிற அதே மோர்ஸ், விருப்பப்பட்டுப் படித்தால் உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறது. அவளை வகுப்புக்கு அனுப்புங்கள். பழைய ரேடியோ ஒன்றின் ஒலிபெருக்கியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

மோர்ஸ் இல்லன்னா பரீட்சை லேசாயிரும் தானே?

இல்லை. ஓமின் விதி, அலைநீளக் கணக்கு, அன்டெனா, விதிமுறை எல்லாம் அப்படியே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு நிஜமான மதில் மோர்ஸ் அல்ல. நல்ல பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பரீட்சைக்குக் கொழும்பு போக ஒரு நாள் சம்பளமும் பயணக்காசும் வேண்டும், செட் விலை வானத்தில் நிற்கிறது. மோர்ஸுக்காக இருபது வருடம் சண்டை பிடித்தவர்கள் அதில் ஒரு மாதத்தைத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதச் செலவழித்திருக்கலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன், ஓமின் விதியைத் தாண்டி மின்தேக்கியில் நிற்கிறேன்.

அப்ப நம்ம வகுப்புல மோர்ஸ் உண்டா இல்லையா?

உண்டு. முதல் ஒரு மணி நேரம் பரீட்சைப் பாடம், எல்லாருக்கும். கடைசி இருபது நிமிடம் மோர்ஸ், விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். வேண்டாதவர்கள் எழுந்து போகலாம், ஏன் என்று கேட்க மாட்டேன். முதல் இரண்டு வாரம் கொப்பியும் பென்சிலும் தொடக்கூடாது, காது மட்டும். இதுவரைக்கும் யாரும் எழுந்து போகவில்லை. பிளேன்டீயும் பிஸ்கட்டும் அந்த இருபது நிமிடத்தில்தான் வரும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.